முப்பத்து மூன்று வெற்றுக் கட்டங்கள்

மில்லியக்கா இறந்த செய்தியைத் தொழிற்சாலை ஒலிபெருக்கியில் சொன்னபோது, "பேக்கிங் பிரிவில் பணிபுரிந்த" என்று சொன்னார்கள். பேக்கிங்கில் அவள் இருந்தது பதினான்கு மாதம். தராசு அறையில் இருந்தது பத்தொன்பது வருடம். சொன்னவர்மேல் குற்றமில்லை. அவர் கையில் கொடுத்த தாளில் கடைசிப் பிரிவு மட்டும்தான் இருந்திருக்கும்.

அது மாத்திரை செய்யும் தொழிற்சாலை. தராசு அறை இரண்டாம் மாடியில், பத்துக்கு எட்டு அடி. சுவரோடு ஒட்டாத கல் மேசை, அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு. ஒரு கிராமைப் பத்தாயிரமாகப் பிரித்து அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும். மூச்சு பட்டால் எண் நகரும். யாராவது கதவை அறைந்து சாத்தினால் நகரும். ஆகவே அந்த அறைக்கு மின்விசிறி கிடையாது, ஜன்னல் கிடையாது. எடை போடும் நேரத்தில் குளிர்காற்று வரும் துவாரத்தையும் மூடிவிடுவார்கள். எண் ஆடி ஓய்ந்ததும் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் எரியும். அது எரிந்த பிறகுதான் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் எண்ணை எழுதுவது அங்கே பெரிய குற்றம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேற்பார்வையாளர், "ஒரு மில்லிகிராம்தானேம்மா, விடு" என்றார். "அந்த ஒரு மில்லி உங்க பிள்ளை வாய்க்குள்ள போனாலும் 'தானே'ன்னு சொல்வீங்களா சார்?" என்று கேட்டாள். அன்று மாலைக்குள் மில்லி என்று பெயர் விழுந்துவிட்டது. வயது ஏறியபோது அக்காவும் சேர்ந்துகொண்டது.

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுபவர். "எங்க வீட்டு உப்பு நாலு தசம இலக்கம் பார்த்துத்தான் குழம்புல விழும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சுத்தப் பொய். வீட்டில் அவள் கை போன போக்கில்தான் போடுவாள். ஒரு நாள் உப்பு கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். அளவெல்லாம் இரண்டாம் மாடியோடு சரி.

நாற்பத்தேழு வயதில் மார்பில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். அது திரும்பி வராமலிருக்க, உடம்பில் ஊறும் ஹார்மோனை அடக்கும் மாத்திரையை வருடக்கணக்காக விழுங்கச் சொன்னார்கள். மற்ற பெண்களுக்குப் பல வருடங்களில் படிப்படியாக நிற்கும் மாதவிலக்கு அவளுக்கு ஒரே மாதத்தில் நின்றது. மற்றவர்கள் மாடிப்படியில் நிதானமாக இறங்குவார்கள். அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

முதலில் சூடு. வயிற்றில் மூண்டு மார்பு, கழுத்து, காது வரை ஏறும். கோட்டு, தொப்பி, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, விசிறியில்லாத அறையில், மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல நிற்பாள். அவளுக்கு என்ன ஆகிறது என்று பக்கத்திலிருந்த இருவருக்கும் தெரியாது. தராசுக்குத் தெரிந்தது. அவள் உடம்புச் சூட்டில் கூண்டைச் சுற்றியிருந்த காற்று அசைய, கடைசி எண் நிற்காமல் ஓடும். அவள் இரண்டு எட்டு பின்னால் போய்ச் சுவரோரம் நிற்பாள். சூடு தணிந்து, உடம்பு வேர்த்து, வேர்வை குளிர்ந்து நடுங்கிய பிறகு திரும்ப வருவாள். வட்டம் எரியும். எழுதுவாள். ஆறு நிமிட வேலை இருபது நிமிடமாயிற்று. ஈடுகட்ட ஒரு மணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தாள்.

பிறகு தூக்கம் போயிற்று. மூட்டுகள் வலித்தன. நெஞ்சு காரணமில்லாமல் படபடத்தது. கடைசியாகச் சொற்கள் நழுவின. தினமும் கையில் எடுக்கும் சாமானுக்குப் பெயர் வராது.

பேக்கிங்கில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். லேபிள்காரி என்று பெயர். டீ நேரத்தில் அவள் சொல்வாள்: "எனக்கும்தான் வந்துச்சு, போச்சு. மூணு மாசம் அட்டையும் கையுமா விசிறிக்கிட்டுத் திரிஞ்சேன், அவ்வளவுதான். உனக்கு என்னடி, உலை வெச்ச மாதிரி நாலு வருஷமா கொதிக்குது?"

"விறகு யாரோ போட்டுக்கிட்டே இருக்காங்க போல" என்றாள் மில்லியக்கா.

பகுதி மருத்துவர் மூன்று முறை, "இந்த வயசுல இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்மா" என்றார். நான்காவது முறை மகளும் கூடப் போனாள். மகள் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் பொறியாளர். மேசைக்கு முன்னால் கை கட்டி நின்றால் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது போல நிற்பாள். மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"உள்ளதச் சொல்றேன். மத்தவங்கன்னா ஹார்மோன் குடுத்துப் பார்ப்பேன். இவங்களுக்கு அந்தக் கட்டி வந்திருக்கு, எனக்குத் தைரியம் இல்ல. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிஞ்சவங்க பெரிய ஆஸ்பத்திரியில ஒரே ஒருத்தர்தான். மெனோபாஸ் கிளினிக். வியாழக்கிழமை காலையில மட்டும். எட்டுப் பேரைத்தான் பார்ப்பாங்க. எழுதித் தரேன். ஆனா அவங்க முதல்ல ஒரு படிவம் கேட்பாங்க."

படிவம் வந்தது. ஐம்பத்தாறு நாள். நாளுக்கு ஒரு கட்டம். சூடு, தூக்கம், வலி, மனம், கவனம் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண் போட வேண்டும். மூன்று என்றால் மிக மோசம். மில்லியக்கா அதைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். எட்டு வாரம் கழித்து உறையில் போட்டு அனுப்பினாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அறிகுறிகள் மிதமானவை, பகுதி மருத்துவரே கவனித்துக்கொள்ளலாம் என்று இரண்டே வரி.

மகள் அன்றுதான் படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல இருபத்து மூணு நாள்தான் எழுதியிருக்க. மிச்சம் முப்பத்து மூணு ஏன் காலியா கிடக்கு?"

"அன்னைக்கெல்லாம் சரியில்லடி."

"சரியில்லாததத்தானேம்மா கேட்டிருக்காங்க."

"ஆடிக்கிட்டு இருக்கும்போது எப்படி எழுதறது? ரெண்டுன்னு போடலாமான்னு பார்ப்பேன். அதுக்குள்ள மூணு மாதிரி இருக்கும். அப்புறம் ஒண்ணுமே புரியாது. நிலைக்கட்டும், எழுதலாம்னு விட்டுருவேன். நிலைக்கறதுக்குள்ள நாள் முடிஞ்சிரும்."

மகள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நல்ல நாட்களை மட்டும் எழுதி, கெட்ட நாட்களையெல்லாம் வெறுமனே விட்டு ஒருத்தி அனுப்பியிருக்கிறாள். அங்கே யாரோ எண்களைக் கூட்டி, வெற்றுக் கட்டங்களைப் பூஜ்யமாக எடுத்து, ஐம்பத்தாறால் வகுத்திருக்கிறார்கள். மெக்கானிக் போய் நிற்கும்போது ஒழுங்காக ஓடிவிட்டு, அவன் தெரு முனை தாண்டியதும் நின்றுபோகும் லிஃப்ட்டுகள் மகளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள்ளேயே ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

"பத்தொன்பது வருஷப் பழக்கம்" என்றார் வீட்டுக்காரர். "கட்டையோடதான் போகும்."

"ஆடுறதுதாம்மா உன்னோட அளவு. அந்த ஆட்டத்த எழுது."

"அதுக்கெல்லாம் எங்ககிட்ட புத்தகம் கிடையாதுடி."

"நான் போட்டுத் தரேன்."

மகள் புதுத் தாள் தயார் செய்தாள். நாளுக்கு ஒரு பக்கம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத இடம். எந்தக் கட்டத்தையும் வெறுமனே விடக் கூடாது, தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று எழுத வேண்டும். விதியென்று யாராவது ஒன்றைச் சொல்லிவிட்டால் மில்லியக்கா எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்பவள். மறுநாள் காலையே தொடங்கிவிட்டாள். தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தொழிற்சாலைக்கும் போனாள்.

அந்த எட்டு வாரத்துப் பக்கங்கள் இப்போதும் இருக்கின்றன. "10.20. சூடு 3. கூண்டுக் கதவைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை." "11.05. இடுக்கிக்குப் பெயர் வரவில்லை. சுட்டிக் காட்டிக் கேட்டேன்." "2.00. நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது. 3." "4.10. அழுகை. காரணம் இல்லை. கழிப்பறையில் ஆறு நிமிடம்." கையெழுத்து கடைசிவரை ஒரே சீராக இருக்கிறது. அடித்த இடங்களில் ஒற்றைக் கோடு போட்டுச் சின்னக் கையொப்பம், தராசுப் புத்தகத்தில் போடுவது போலவே.

அனுப்பிய பத்தாம் நாள் கிளினிக்கிலிருந்து கூப்பிட்டார்கள். பதினாறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ஒன்பது நாற்பதுக்கு. வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்கு மறு வாரம்.

தராசு அறையில் வேலை செய்கிறவர்கள் மாதக் கடைசியில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். "என் கண், கை, கவனம் மூன்றும் எடை பார்க்கத் தகுந்த நிலையில் உள்ளன. அவற்றைப் பாதிக்கும் எதையும் நான் அறியேன்." பத்தொன்பது வருடமாக அவள் போட்ட கையெழுத்து. எழுதாதது நடக்காதது என்று அந்தத் தொழிற்சாலையில் மாடிக்கு மாடி சுவரில் ஒட்டியிருப்பார்கள். அவள் அதை மனதார நம்பினாள். ஆடிய எண்ணை எழுதுவதில்லை. ஆகவே அது இல்லை. அந்தக் கணக்கில் நான்கு வருடமாக அவள் பொய் சொல்லவில்லை. இப்போது எழுதியாகிவிட்டது. ஐம்பத்தாறு பக்கம். அதில் பதினான்கு வேலை நாட்களில், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, கவனம் என்ற கட்டத்தில் மூன்று.

லேபிள்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "கையெழுத்து போட இவ்வளவு நேரமா? டீ ஆறுது."

"நீ குடி."

மில்லியக்கா பேனாவை மூடிவிட்டுப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். அவள் அவரை சார் என்பாள், அவர் அவளை அக்கா என்பார். அவர் இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவதைத் திருப்பாமல் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார்.

"இத என்கிட்ட எதுக்குக்கா காட்டறீங்க? இது உங்களுக்கும் டாக்டருக்கும் நடுவுல. எடுத்துட்டுப் போங்க. நான் பார்க்கல."

"பார்த்துட்டீங்களே சார்."

"மாசா மாசம் போடற கையெழுத்துதானே. போடுங்க. இங்க யாருக்குத்தான் உடம்பு ஒழுங்கா இருக்கு? எனக்குச் சுகர் முந்நூறு."

"உங்க சுகர் தராசுல தெரியாது சார்."

அவர் வாசலைப் பார்த்தார். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்லல. ஒரு பதினாறு வாரம் பொறுங்கன்னுதான் சொல்றேன். டாக்டரைப் பாருங்க. சரியாகிடும்."

"அறியேன்னு போட்டிருக்கு. அறிவேன் சார்."

அதற்குமேல் அவருக்கும் வழியில்லை. தராசு அறைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்து, பேக்கிங்குக்கு மாற்றினார். அந்தப் பதினான்கு நாட்களில் அவள் போட்ட எடைகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எடுத்து வைத்திருந்த மாதிரிகளைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேர், ஒன்பது நாள். பேக்கிங்குக்கு மேலாளரே முடிவைக் கொண்டுவந்தார்.

"பாருங்கக்கா. ஒண்ணுகூடத் தப்பில்ல."

"சரி சார். அப்போ பேரச் சேர்ப்பீங்களா?"

அவர் அந்தத் தாளை நான்காக மடித்தார். "சிறப்பு மருத்துவர் எழுதித் தரணும்க்கா. இனிமே கவனம் பாதிக்காதுன்னு ஒரே ஒரு வரி."

அந்த ஒரு வரிக்காக அவள் பதினாறு வாரம் காத்திருந்தாள். பேக்கிங்கில் காற்று இருந்தது. சூடு வந்தால் எழுந்து நிற்க இடம் இருந்தது. பெட்டிக்குள் வைக்கும் விளக்கத்தாள் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்ப்பது வேலை. "நாலு தசமம் பார்த்த கண்ணு, இப்போ நாலு மூலை பார்க்குது" என்றாள் லேபிள்காரி. சொன்ன பிறகு அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. அன்று முழுவதும் மில்லியக்காவின் தண்ணீர் பாட்டிலை அவளே நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மகள் விடுப்பு போட்டுவிட்டுக் கூட வந்தாள். நீளமான தாழ்வாரத்தின் கடைசி அறை. வெளியே எட்டு நாற்காலி, எட்டுப் பெண்கள். இரண்டு பேர் தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேல்சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டு, யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் என்னவென்று கேட்கவில்லை.

டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். குள்ளமான, நிதானமான பெண். ஐம்பத்தாறு பக்கத்தையும் முழுக்கப் படித்தார்.

"இப்படி யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்லம்மா. இதுக்கு முன்னாடியே ஏன் வரல?"

"வந்தோம்" என்றாள் மகள். "மிதமானதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வடிகட்டற வேலை வேற இடத்துல நடக்குது. அந்தத் தாள் என் கைக்கு வரல. வந்திருக்கணும்."

ஐம்பது நிமிடம் பேசினார். பழைய அறுவை சிகிச்சையைப் பற்றி, தூக்கத்தைப் பற்றி, மூட்டைப் பற்றி, யாரிடமும் சொல்லியிராத எரிச்சலையும் வறட்சியையும் பற்றிக் கேட்டார். மில்லியக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒருவர் அவளை அளந்தார், அவசரப்படாமல். சூட்டுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரை ஒன்று எழுதினார். தூக்கத்துக்கு ஆறு வாரப் பயிற்சி. நெஞ்சுக்கு ஒரு பரிசோதனை. வறட்சிக்கு ஒரு களிம்பு. தெளிவாக, இது இவ்வளவுதான் செய்யும் என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார்.

மில்லியக்கா கைப்பையைத் திறக்காமல் மடியில் வைத்தபடி, "ஒரு வரி எழுதித் தரணும் டாக்டர்" என்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "குறையும்னு எழுதித் தரேன். பாதியாகூடக் குறையலாம்னு எழுதலாம். கவனம் தவறவே தவறாதுன்னு எழுத முடியாதும்மா. நாளைக்குப் பத்து மணிக்கு உங்க தலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"இருநூத்துப் பன்னெண்டு எடை டாக்டர்" என்றாள் மகள். "ஒண்ணுகூடத் தப்பில்ல. நிலைக்கலைன்னா அவங்க எழுதவே மாட்டாங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

"அது நடந்து முடிஞ்சது. நீங்க நடக்கப்போறதுக்குக் கையெழுத்து கேட்கறீங்க."

"ஒரு வரிதானே டாக்டர்."

மில்லியக்கா மகளின் முழங்கையைத் தொட்டாள். "விடுடி. அவங்க சொல்றது சரி. நானா இருந்தாலும் போட மாட்டேன்."

மாத்திரை வேலை செய்தது. நாளொன்றுக்குப் பதினொரு முறை வந்த சூடு ஏழு முறையாயிற்று. தூக்கத்தில் ஒரு மணி நேரம் கூடியது. சொற்கள் திரும்பவில்லை. மூன்றாவது முறை போனபோது டாக்டர் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. தாழ்வாரத்தின் கடைசி அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பகுதி மருத்துவர் அதே மாத்திரையைத் தொடர்ந்து எழுதிக் கொடுத்தார். பழைய கட்டி கல்லீரலில் திரும்பி வந்து, ஆறே வாரத்தில் கதையை முடித்தது. அதெல்லாம் பிற்பாடு.

அந்த வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் மகள் பைக்கை எடுக்காமல் நின்றாள்.

"நான் எழுதச் சொல்லாம இருந்திருந்தா நீ இன்னும் அங்கேயே இருந்திருப்ப."

"எழுதலைன்னா இங்க வந்திருக்க முடியாது."

"வந்து என்ன கிடைச்சுது?"

மில்லியக்கா யோசித்தாள். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. "வண்டிய எடு" என்றாள். "இன்னைக்குத்தான் அடுத்த மாசப் பட்டியல் போடறாங்க. அதுக்குள்ள போய்ச் சொல்லணும்."

மேலாளர் அவள் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"வரி கிடைக்கல சார். என் இடத்துக்கு வேற ஆளப் போட்டுடுங்க."

"கொஞ்ச நாள் போகட்டும்க்கா. இடத்த அப்படியே வெச்சிருக்கேன். நீங்கதான் வரணும் அங்க."

"வெச்சிருக்காதீங்க. இப்போ ரெண்டு பேர் மூணு பேரோட வேலையப் பார்க்கறாங்க. அவசரப்படுவாங்க. அவசரத்துல வட்டம் எரியறதுக்கு முன்னாடியே கை எழுதிடும்."

அவர் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். தராசு அறையிலிருந்து விருப்பத்தின் பேரில் விலகுவதாக அதில் அச்சடித்திருந்தது. விருப்பத்தின் பேரில் என்ற சொல்லின்மேல் அவள் பேனா ஒரு நொடி நின்றது. ஒற்றைக் கோடு போட்டு அதை அடித்தாள். பக்கத்தில் சின்னக் கையொப்பம் இட்டாள். பிறகு கீழே முழுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மேலாளர் அதைத் திருத்தச் சொல்லவில்லை.

பேக்கிங்கில் பாதி வேலைநேரம் ஓடியிருந்தது. லேபிள்காரி நகர்ந்து இடம் விட்டாள்.

"டாக்டர் எப்படி?"

"நல்ல டாக்டர்."

"அப்போ எப்போ மேல போற?"

மில்லியக்கா தொப்பியை மாட்டி, காதோரத்து முடியை உள்ளே தள்ளினாள். முன்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"இதுல எது வரைக்கும் பார்த்திருக்க?" என்றாள்.

லேபிள்காரி ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். மில்லியக்கா அதற்கு அடுத்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.